'டக்' சத்தம் வந்தால் சரியாக மாட்டியாச்சா?

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற டீலரிடமோ ஒப்படைப்பது சென்னையில் வழக்கம். எல்லாம் முடிந்து திரும்ப வாங்கிப் போவார்கள். அதற்கப்புறம்தான் எனக்குத் தலைவலி. சும்மா கிடந்ததாயிற்றே, ஒரு முறை முழுசாகப் பிரித்துத் துடைத்துவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை உட்காருவார்கள். திங்கட்கிழமை ஸ்வீட் டப்பாவில் ஸ்பிரிங்கும் பின்னுமாக என் மேசைக்கு வந்துவிடும்.

டப்பாவில் கொண்டுவருகிறவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிரித்தார், சேர்க்கத் தெரியவில்லை, வந்துவிட்டார். என் பயமெல்லாம் முழுசாகச் சேர்த்துவிட்டவர்களைப் பற்றித்தான். அண்மையில் ஒருவர் .32 பிஸ்டலோடு வந்தார். "எல்லாம் நல்லாதான் சார் இருக்கு. ட்ரிக்கர் மட்டும் முன்னைவிட லேசா ஆயிடுச்சு, நல்லதுதானே?" காலி என்று உறுதி செய்துகொண்டு, ஹேமரை (அடிக்கும் சுத்தியலை) ஏற்றி, பின்னாலிருந்து கட்டைவிரலால் தள்ளிப் பார்த்தேன். ட்ரிக்கரைத் தொடாமலே விழுந்தது. ஏற்றிய ஹேமரைப் பிடித்து நிறுத்தும் பாகம் சியர்; அதன் ஸ்பிரிங்கின் ஒரு கால் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரவில்லை. அதைத் தோட்டா நிரப்பி இடுப்பில் செருகிக்கொண்டு இத்தனை நாள் நடமாடியிருக்கிறார்.

கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "ஸ்லைடு (மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகம்) ஓடுது, ட்ரிக்கரை அழுத்தினா டக்குன்னு சத்தம் வருது, அப்போ சரியாத்தானே மாட்டியிருக்கேன்?" இல்லை ஐயா, இல்லை. அந்தச் சத்தம் ஹேமர் விழுந்தது என்று மட்டும்தான் சொல்கிறது. சேஃப்டி அதைத் தடுக்குமா, சியர் அதைப் பிடித்து நிறுத்துமா, தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஃபயரிங் பின் அடித்த பிறகு உள்ளே திரும்புமா, ஓர் அழுத்தலுக்கு ஒரு ரவுண்டு (தோட்டா) என்பதை டிஸ்கனெக்டர் காக்குமா என்பதையெல்லாம் அது சொல்லாது. சிறு பாகங்களில் சிலவற்றைத் தலைகீழாகவோ இடம் மாற்றியோ போட்டாலும் ஸ்லைடு ஓடும், சத்தமும் வரும். "ஒரு பின் மிச்சமாச்சு சார், ஆனா நல்லா வேலை செய்யுது" என்று சொன்னவரும் உண்டு!

யூடியூப் பார்த்துச் செய்தேன் என்பார்கள். அந்த வீடியோக்களில் பெரும்பாலும் 9 எம்எம் பிஸ்டல்கள். நம் நாட்டில் அது பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட 'போர்', அதாவது குழல் அளவு. உங்கள் .32-இன் உள்ளமைப்பே வேறாக இருக்கலாம். கூட வந்த கையேட்டைப் பாருங்கள்.

சோதிக்க வேண்டிய விதம் இது. தோட்டா அடுக்கும் மேகசினை எடுங்கள். குழலில் தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பாருங்கள், விரலாலும் தடவுங்கள். அந்த அறையில் தோட்டாவே இருக்கக் கூடாது. ஹேமரை ஏற்றி, சேஃப்டியைப் போட்டு ட்ரிக்கரை அழுத்துங்கள், விழக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியை விடுவியுங்கள். அப்போதும் விழக் கூடாது. இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அழுத்தினால் விழ வேண்டும். ட்ரிக்கரை விடாமல் பிடித்தபடியே ஸ்லைடை இழுத்து விடுங்கள். ஹேமர் ஏறியே நிற்க வேண்டும். விரலை மெதுவாகத் தளர்த்தி மறுபடி அழுத்தினால்தான் விழ வேண்டும். (சேஃப்டியே ஹேமரை இறக்கிவிடும் மாடல்களும், மேகசின் இல்லாமல் ட்ரிக்கர் வேலை செய்யாத மாடல்களும் உண்டு. இதற்கும் கையேடுதான்.) ஒன்று தவறினாலும் தோட்டா போடாதீர்கள்.

ஃபயரிங் பின் போகும் துளையில் எண்ணெய் வேண்டாம். தூசி சேர்ந்து பசையாகி, பின் மந்தமாகிவிடும். முன்னால் சிக்கிக்கொண்டால் ஸ்லைடு மூடும்போதே வெடிக்கலாம். இதில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கொண்டுவருகிறார்கள்! 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைகிற எண்ணெயை விட்டு, ஏசி அறை பீரோவில் வைத்தால் என்ன ஆகும்? மேகசின் ஸ்பிரிங்குக்கும் மேல் கீழ் உண்டு. மாற்றிப் போட்டால் ரவுண்டு மூக்கைக் குத்தி நிற்கும்.

உண்மையில் இத்தனை பாகங்களையும் நீங்கள் பிரிக்கவே வேண்டியதில்லை. ஸ்லைடு, அதைத் திரும்ப முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங், கழற்றும்படி இருந்தால் பேரல் (குழல்). அவ்வளவு கழற்றித் துடைத்து, மெலிதாகத் துப்பாக்கி எண்ணெய் தடவினால் வீட்டுப் பராமரிப்புக்குப் போதும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருப்பவர்கள் இதை அடிக்கடி செய்யுங்கள், உப்புக் காற்று சும்மா விடாது. தோல் உறைக்குள்ளேயே போட்டு மாதக்கணக்கில் வைக்காதீர்கள், ஈரம் பிடித்துத் துரு ஏறும்.

கேட்காமல் பிரித்தே தீருவேன் என்றால், கண்ணாடி போல் தெரிகிற பெரிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டுச் செய்யுங்கள், தெறிக்கும் ஸ்பிரிங் பைக்குள்ளேயே விழும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஃபோனில் ஒரு படம். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பது படத்தில் தெரிய வேண்டும். பின் போகவில்லையா? உள்ளே ஏதோ துளைக்கு நேராக இல்லை. சுத்தியல் எடுக்காதீர்கள், அரத்தைத் தொடவே தொடாதீர்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும். சியரில் நீங்கள் அரத்தால் இழுக்கும் ஓர் இழுப்பு, அந்தப் பாகத்தையே மாற்றும்படி செய்துவிடும்.

சேர்த்த பிறகு முதல் முறை சுடுவது ரேஞ்சில் (சுடும் பயிற்சி இடத்தில்), பொறுப்பாளர் பக்கத்தில் இருக்கும்போதுதான். முதலில் மேகசினில் ஒரே ஒரு ரவுண்டு, அப்புறம் இரண்டு. ஏதாவது சந்தேகமாகப்பட்டால் அங்கேயே நிறுத்தி, காலி செய்து, கொண்டு வாருங்கள். லைசென்ஸ் அசலும் கையில் இருக்கட்டும், அது இல்லாமல் நான் வாங்க மாட்டேன்.