சந்தை நாளுக்கு மறுநாள்

வன்னியில் எந்த ஊரில் எந்தக் கிழமை சந்தை கூடுகிறது என்பதை நான் யாரிடமும் கேட்டு அறிந்துகொள்ளவில்லை. மறுநாள் காலையில் வரும் தொலைபேசி அழைப்புகளே சொல்லித் தந்துவிட்டன. "டொக்டர், மாடு இரவிலிருந்து அசை போடவில்லை." "டொக்டர், இடப்பக்கம் ஊதிக்கொண்டு வருகிறது, வாயால் நுரை தள்ளுகிறது." எந்த இடம் என்று கேட்டால், எப்படியும் சந்தைக்கு ஒரு மைல் சுற்றுக்குள்தான் இருக்கும்.

ஒரு கால்நடை வைத்தியன், சந்தைக் குப்பையை அள்ள வேண்டிய பிரதேச சபையைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். நானும் இத்தனை காலம் அப்படி நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். அண்மையில் திறந்த ஒரு பசுவின் வயிறுதான் இதை எழுத வைத்தது.

மீள்குடியேற்றத்தின் பிறகு வாழ்வாதார உதவியாகக் கிடைத்த மாட்டின் வழிவந்த பசு அது. கணவரை இழந்த ஒரு அம்மாவின் வீட்டுக்கு அதன் பால்தான் வருமானம். சினைமாடு. பல வாரங்களாக இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஊதுவதும் வற்றுவதுமாக இருந்திருக்கிறது. வேப்பமரத்தடியில் நிற்க வைத்து, விறைப்பு ஊசி போட்டு, இடது விலாப்புறத்தைத் திறந்து முதல் இரைப்பைக்குள் கையை விட்டேன். வைக்கோலும் புல்லும் இருக்க வேண்டிய இடத்தில் முறுக்கிய கயிறு போல ஏதோ பிடிபட்டது. இழுக்க இழுக்க வந்தது. சொப்பிங் பைகள், சோற்றுப் பொதி சுற்றும் லஞ்ச் சீற், வெங்காயம் வரும் சிவப்பு வலைப்பை, நைலோன் நூல், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரே திரளாகக் கிடந்தன. ஒரு பையின் முடிச்சு அவிழவே இல்லை. இன்னொன்றில் அச்சிட்டிருந்த கடையின் பெயர் ஓர் எழுத்தும் குலையாமல் இருந்தது. வெளியே எடுத்துப்போட்டதைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. பசு பிழைத்துக்கொண்டது. சில நாளில் கன்றை வீசிவிட்டது.

மருந்து கொடுத்தால் சாணத்தோடு போய்விடாதா என்று கேட்கிறார்கள். போகாது. மாட்டுக்கு இரைப்பை நான்கு அறை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். முதல் அறையிலிருந்து அப்பால் போகும் வழி எவ்வளவு சிறியது என்று ஒரு தடவை யோசித்தால் போதும். கத்தி ஒன்றே வழி. அதற்கும் மாடு தாங்கும் நிலையில் இருக்க வேண்டும்.

சந்தைக்கு மறுநாள் உடனே வரும் மாடுகளின் நோய் வேறு. பொலித்தீன் மாதக்கணக்கில் கொல்லும். கழித்துக் கொட்டிய சோறும் அழுகிய பலாப்பழமும் ஒரே இரவில் கொல்லும். மாவுப்பொருளை ஒரேயடியாகத் தின்ற மாட்டின் இரைப்பை புளித்து, அமிலம் ஏறி, மாடு எழுந்து நிற்க முடியாமல் விழுந்துவிடும். கோயில் அன்னதானம் முடிந்த மறுநாளும் இதே கதைதான். முழு பீற்றூட்டோ மாங்காயோ தொண்டையில் இறுகி வரும் மாடுகளும் உண்டு.

சரி, மாட்டைக் கட்டி வளர்க்க வேண்டியதுதானே என்ற பதில் உடனே வரும். பாதி நியாயம். மீதிப் பாதியையும் கேளுங்கள். கால போகத்துக்கு, அதாவது மாரிகால நெல்லுக்கு, வயலை விதைத்தவுடன் மாடு வயலுக்குள் இறங்க முடியாது. காட்டுக்குள் விட்டால் வன இலாகா. மேய்ச்சல் தரை ஒதுக்கித் தாருங்கள் என்று பண்ணையாளர்கள் கேட்காத கூட்டமில்லை. ஆவணி வெயிலில் குளத்து அலைகரையில்கூடப் பச்சை இருக்காது. அந்த நேரத்தில் கோவாத் தழையும் வாழைத்தண்டும் குவிந்து கிடக்கும் ஒரே இடம் சந்தைக் கொல்லை. உப்புச் சுவையோடு சோறு ஒட்டிய பையை மாடு விட்டுவைக்குமா? அங்கே வந்து நின்ற மாட்டைக் கட்டாக்காலி என்று பிடித்து அடைத்துத் தண்டப்பணம் அறவிடுகிறார்கள். மாட்டை அங்கே வரவழைத்த குப்பைக்கு யார் தண்டம் கட்டுவது?

இதைச் சபை அலுவலகத்தில் கேட்டபோது கிடைத்த பதில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. "சந்தையைக் குத்தகைக்குக் கொடுத்தாயிற்று டொக்டர். அது குத்தகைக்காரரின் பாடு." குத்தகைக்காரரிடம் போனேன். "குப்பை அள்ளுவது சபையின் வேலை." வியாபாரியிடம் கேட்டேன். "நாங்கள்தான் காசு கட்டித் துண்டு வாங்குகிறோமே." மூவர் சொல்வதும் அவரவர் அளவில் உண்மை போலவே இருக்கிறது. படித்தவர்கள், சங்கத் தலைவர்கள், உறுப்பினர்களாகப் போட்டியிட்டவர்கள் உட்பட எல்லோரும் இதை அப்படியே நம்புகிறார்கள். ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

குத்தகைக்கு விடப்படுவது சந்தை அல்ல. சந்தைக்கு வரும் வியாபாரிகளிடம் கட்டணம் அறவிடும் உரிமை மட்டுமே. நிலம் சபையினுடையது. வடிகால் சபையினுடையது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93 முதல் 95 வரையான பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். தெருக் குப்பையையும் வீட்டுக் குப்பையையும் சேகரித்து அகற்றுவது சபையின் கடமை. சேகரித்த குப்பை சபையின் சொத்து. அதைக் கொண்டுபோய்ப் போட ஏற்ற இடத்தைத் தேடிக்கொள்வதும் சபையின் பொறுப்பு. குத்தகை கொடுத்தால் இந்தக் கடமை ஓய்ந்துவிடும் என்று அங்கே ஒரு வரியும் இல்லை. துப்புரவு வேலையைக் குத்தகைக்காரரின் தலையில் சுமத்தலாம், அதில் தவறில்லை. அவர் செய்கிறாரா என்று பார்க்கும் வேலையையும் சேர்த்து அவரிடமே கொடுத்துவிட முடியாது.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. மாட்டு வைத்தியனான எனக்கே புரிகிற கணக்கு. ஆண்டு பிறக்கும் முன் குத்தகைக்குக் கேள்வி, அதாவது விலைமனு, கோருகிறார்கள். கூடிய தொகை கேட்டவருக்குக் குத்தகை போகிறது. அந்தத் தொகையோடு அவ்வாண்டுக்கான சபையின் வரவு முடிந்தது. குத்தகைக்காரரின் வரவு அப்போதுதான் தொடங்குகிறது. போட்ட காசை எடுக்க அவருக்கு வியாபாரிகள் பெருக வேண்டும். கொட்டகைக்குள் இடம் முடிந்தால் மதிலோரம், மதிலோரம் முடிந்தால் தெருவோரம், அதுவும் முடிந்தால் பஸ் நிற்கும் இடம். தெருவோரத்தில் சாக்கை விரித்தவரிடமும் துண்டு வெட்டுகிறார். வியாபாரி கூடக் கூடக் குப்பையும் கூடுகிறது. சபையின் உழவு இயந்திரமோ அதே ஒன்று, பெட்டியும் அதே ஒன்று, ஆட்களும் அதே நாலு பேர். குப்பை பெருகும்போது ஒருவருக்கு வருமானம் பெருகுகிறது, மற்றவருக்குச் செலவு பெருகுகிறது. இப்படி எழுதிக்கொண்ட உடன்படிக்கையில் குப்பை யாருடையது என்ற சண்டை வராமல் எப்படி இருக்கும்?

எனக்குக் காட்டப்பட்ட ஒரு குத்தகை உடன்படிக்கையில் துப்புரவு பற்றி ஒரே வாக்கியம் இருந்தது: சந்தை வளவைச் சுத்தமாக வைத்திருத்தல் வேண்டும். எப்போது, எத்தனை மணிக்குள், யார் பார்த்துக் கையெழுத்திடுவது, தவறினால் குத்தகைக்காரர் கட்டிவைத்த காப்புப் பணத்திலிருந்து எவ்வளவு கழிப்பது, ஒன்றுமே இல்லை. கட்டணத் தவணை தப்பினால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் ஒரு பக்கம் முழுவதும் நிபந்தனைகள்.

நான் கேட்பது புதிய இயந்திரமோ கோடிக்கணக்கான திட்டமோ அல்ல. நேரத்தை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறேன். சந்தை பின்னேரத்தோடு கலைகிறது. உழவு இயந்திரம் மறுநாள் அலுவலகம் திறந்து, கையெழுத்துப் போட்டு, டீசல் வாங்கி, ஒன்பது பத்து மணிக்கு வருகிறது. எங்கள் ஊர்களில் மாட்டைக் கறந்து அவிழ்த்துவிடுவது ஆறு மணிக்கு. இரவில் வீதியில் படுக்கும் மாடுகளுக்கு அந்தக் கணக்கும் கிடையாது. குப்பை கிடக்கும் நேரம் முழுவதும் மாட்டின் நேரம். சந்தை கலைந்த அன்று மாலையே அள்ளிவிட்டால் நான் பார்க்கும் நோயில் பெரும்பகுதி வராது. மேலதிகக் கொடுப்பனவு கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். கொடுங்கள். குத்தகைப் பணம் பின் எதற்கு? அதுவும் முடியாதென்றால் குப்பை போடும் மூலைக்கு நான்கு பக்கமும் அடைப்பும், கொளுவி மூடக்கூடிய ஒரு படலையும் போடுங்கள்.

இதைச் சொல்லும்போது தொழிலாளரைக் குறைசொல்வதாக யாரும் எடுக்க வேண்டாம். கையுறை இல்லாமல் மீன் செதிலையும் உடைந்த போத்தலையும் அள்ளுகிறவர்கள் அவர்கள். கோழிக் கழிவு வேறு. அந்தக் கழிவுக்குக் கூடும் நாய்களைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம்; விசர்நாய் கடித்த மாட்டைத் தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று நினைத்து வாய்க்குள் கைவிட்டுப் பார்த்தவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்ததிலிருந்து 2025 ஜூன் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இருக்கவில்லை. செயலாளர்தான் எல்லாம். அப்போது கேட்டால், உறுப்பினர்கள் வரட்டும் என்றார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்தது, வந்துவிட்டார்கள். தவிசாளர் இருக்கிறார், வட்டார உறுப்பினர் இருக்கிறார். வீதி விளக்குப் போட்டால் அவர்களுடைய படம் முகநூலில் வருகிறது. சந்தைக் குத்தகை நிபந்தனையைச் சபை அமர்வில் வாசித்து விவாதித்த படத்தை நான் இன்னும் காணவில்லை.

ஆகவே நீங்கள் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். தகவல் அலுவலர் ஒருவர் அங்கே இருந்தே ஆக வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாள்களுக்குள் அவர் தீர்மானிக்க வேண்டும். "ஏன் சந்தை அசுத்தமாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். அதற்கு வரும் பதிலில் வருத்தம் மட்டும் இருக்கும். நடப்பாண்டுக் குத்தகை உடன்படிக்கையின் பிரதி, சந்தைக் கழிவு அகற்றப்பட்ட நாளும் நேரமும் காட்டும் பதிவு, கடந்த ஆண்டு காப்புப் பணத்தில் கழிக்கப்பட்ட தொகை, இந்த மூன்றையும் கேளுங்கள். பதிவு இல்லை என்று எழுதித் தந்தாலும் அதை வைத்திருங்கள். உள்ளூராட்சி உதவி ஆணையாளரிடம் போகும்போது நூறு பேரின் கையொப்பத்தைவிட அந்தக் கடிதத்துக்குப் பலம் அதிகம்.

வியாபாரிகளுக்கு: 20 மைக்ரோனும் அதற்குக் குறைந்ததுமான பொலித்தீனுக்கும் லஞ்ச் சீற்றுக்கும் 2017 செப்டெம்பரிலேயே தடை வந்துவிட்டது. நான் மாட்டு வயிற்றிலிருந்து எடுப்பது அவற்றைத்தான். மரக்கறிக் கழிவையும் பிளாஸ்டிக்கையும் ஒரே சாக்கில் கொட்டாதீர்கள். கோவாத் தழையைத் தனியே வைத்தால் பட்டிக்காரர்கள் சைக்கிளில் வந்து நன்றி சொல்லி எடுத்துப் போவார்கள். அழுகியதை மட்டும் கொடுக்காதீர்கள். குவித்துக் கொளுத்துகிறவர்களிடம் ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும்: பொலித்தீன் பாதி உருகிக் கட்டியாகிறது, அதையும் மாடு நக்குகிறது.

வாங்க வருகிறவர்கள் பனையோலையில் பின்னிய உமலைக் கொண்டுவாருங்கள். சாப்பிட்ட மிச்சத்தைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வீசாதீர்கள். மாட்டுக்கு விரல் இல்லை, முடிச்சோடுதான் விழுங்கும். அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று இறந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகளிலும் படம் வந்தது. மாடு செத்தால் குழி வெட்ட ஆள் பிடிப்பதே பெரும்பாடு.

மாட்டுக்காரர்களே, உங்களோடும் எனக்குக் கோபம் உண்டு. சந்தை நாளிலும் மறுநாளிலுமாவது மாட்டைக் கட்டுங்கள். வைக்கோலை மழைக்கு முன்பே சேர்த்து வையுங்கள். உப்புக்கட்டி தொங்கவிடுங்கள், தாதுப்பொருள் குறைந்த மாடுதான் துணியையும் பையையும் தேடித் தின்னும். பால் குறைந்து, சாணம் சுருங்கி, ஊதுவதும் வற்றுவதுமாக இருந்தால் ஒரு கிழமை பொறுத்துப் பார்ப்போம் என்று இராமல் அன்றைக்கே சொல்லுங்கள். ஊதிய மாட்டின் வாயைப் பிளந்து தேங்காயெண்ணெய் ஊற்றாதீர்கள். பாதி நுரையீரலுக்குள் போகிறது, பிறகு நான் இரண்டு நோய்க்கு மருந்து தேட வேண்டியிருக்கிறது. விலாவில் கத்தியால் குத்தும் வீரம் யாருக்கும் வேண்டாம். தலைப்பக்கம் உயர்ந்திருக்கும்படி மேட்டில் நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். சந்தையிலிருந்து எவ்வளவு தூரத்தில் மேய்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டாக்காலித் தண்டத்துக்குப் பயந்து மாடு வளவைவிட்டு வெளியே போகவில்லை என்று சொல்கிறீர்கள். நான் அதை நம்பி வேறு நோய்க்கு ஊசி போடுகிறேன்.

அடுத்த ஆண்டுக் குத்தகைக்கான கேள்வி அறிவித்தல் சபை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்போது, பண்ணையாளர் சங்கத்திலிருந்து இரண்டு பேராவது அதைப் படித்து, சந்தை கலைந்த மாலையே துப்புரவு என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று எனக்கும் சொல்லுங்கள். இல்லையென்றால் தவிசாளரிடம் நானும் கூட வருகிறேன்.