கல்லறைக்குள் வரும் டிசம்பர் வெயில்

அயர்லாந்தில் பாய்ன் ஆற்றங்கரை மேட்டில் நியூகிரேஞ்ச் என்ற கல்லறை இருக்கிறது. கி.மு. 3200 வாக்கில் கட்டியது. எகிப்தின் பெரிய பிரமிடைவிட மூத்தது. 1962-ல் அங்கே அகழாய்வு தொடங்கிய மைக்கேல் ஓகெல்லியிடம், உதயசூரியனின் ஒளி ஏதோ ஒரு நாளில் உள்ளறை வரை வரும் என்று பலர் சொன்னார்கள். சூரிய உதயத்தைப் பார்த்து அமைந்த இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்சோடு குழப்பிக்கொள்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் வாசலுக்கு மேலே, ஒளி புகும்படி திறந்திருக்கும் ஒரு கல் மாடத்தைக் கண்டுபிடித்தார். கல்லறையும் டிசம்பரில் சூரியன் உதிக்கும் தென்கிழக்கைப் பார்த்து இருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று 1967 டிசம்பர் 21 அன்று விடியுமுன் உள்ளே போய் இருட்டில் காத்திருந்தார். ஒன்பது மணிக்குச் சற்று முன் ஒரு மெல்லிய ஒளிக்கீற்று தரையோடு வந்து அறையைத் தொட்டது. சுமார் 17 நிமிடம் இருந்துவிட்டுப் போனது.

வாசல் இருக்க, மாடம் எதற்கு? உள்ளே போகும் நடை 19 மீட்டர். அதன் தரை போகப்போக ஏறி, அறைக்கு வரும்போது வாசலைவிட 2 மீட்டர் உயர்ந்துவிடுகிறது. அதனால் வாசல் வழியே நுழையும் வெயில் பாதி வழியிலேயே நின்றுவிடும். மாடமோ அறையின் தரைமட்டத்தில் இருக்கிறது. உலோகக் கருவி ஒன்றுகூட இல்லாதவர்கள் போட்ட கணக்கு இது. நினைக்கும்போதெல்லாம் மலைப்பாக இருக்கிறது.

பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் சூரியன் உதிக்கும் இடம் தொடுவானத்தில் வடக்கும் தெற்குமாகப் போய்வருகிறது. மார்ச்சில் அங்கே அது தினமும் சூரியனின் அகலத்தைவிட அதிகமாக நகரும். தென்கோடிக்கு வரும் டிசம்பர் பிற்பகுதியிலோ அசைவே தெரியாது. அதனால்தான் ஒளி ஒரு நாளோடு நிற்காமல் சில நாட்கள் தொடர்ந்து வருகிறது. இந்தக் கதிர்த்திருப்பத்துக்கு லத்தீன் மொழியில் ‘சூரியன் நிற்பது’ என்றே பெயர்.

கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரிஷ் தெய்வக் கதையில் டாக்டா என்ற தெய்வம் போவான் என்ற பெண்தெய்வத்தின் மேல் ஆசைப்படுகிறது. போவான்தான் பாய்ன் ஆறு. டாக்டா அவள் கணவனை வெளியூர் அனுப்பி, ஒன்பது மாதமும் அவனுக்கு ஒரே நாளாகக் கழியும்படி மந்திரம் போடுகிறான். அந்த ‘ஒரு நாளில்’ ஏங்கஸ் பிறக்கிறான். அப்புறம் ஒரு பகலும் இரவும் தங்கக் கேட்டு இதே மேட்டை ஏங்கஸ் வாங்குகிறான். காலம் முழுவதுமே பகலும் இரவும்தானே என்று சொல்லி நிரந்தரமாக வைத்துக்கொள்கிறான். சூரியன் நிற்கும் இடத்தில் நாள் நின்ற கதை வழங்குவதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கட்டியபோது உதயத்தோடே ஒளி உள்ளே வந்தது. 5,000 ஆண்டுகளில் அச்சின் சாய்வு சற்றுக் குறைந்திருப்பதால், இப்போது உதயமாகி நான்கு நிமிடம் கழித்துத்தான் நுழைகிறது.