மிட் செஞ்சுரி மாடர்ன்: சொல்லும் பொருளும்

ஏறத்தாழ 1940களின் நடுவிலிருந்து 1960களின் இறுதிவரை அமெரிக்காவிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் செழித்த வடிவமைப்புப் பாணியை ‘மிட் செஞ்சுரி மாடர்ன்’ என்கிறோம். கட்டடம், விளக்கு, மேசை எனப் பலவற்றிலும் இப்பாணி உண்டு. எனினும் அதன் இயல்பை நாற்காலிகளில்தான் மிகத் தெளிவாகக் காண முடிகிறது. செதுக்கு வேலைப்பாடு இராது, கால்கள் மெலிந்திருக்கும், இருக்கை உடலின் வளைவுக்கு இசைந்திருக்கும்.

அந்த நாற்காலிகளைப் படைத்தவர்கள் இப்பெயரைத் தங்கள் இயக்கத்தின் பெயராகச் சூட்டிக்கொள்ளவில்லை. 1950களின் அறைகலன்களைப் பற்றி காரா கிரீன்பெர்க் எழுதி 1984இல் வெளிவந்த நூலின் தலைப்பாக அமைந்த பிறகே இத்தொடர் பரவலாயிற்று. ஆகவே இது பின்னோக்கிப் பார்த்து வைத்த பெயர்.

அப்பெயருக்குள் அடங்கும் பொருள் விரிவானது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1940இல் நடத்திய போட்டியில் வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ஈரோ சாரினெனும் ஒட்டுப்பலகையை (பிளைவுட்) பல திசைகளில் வளைத்த நாற்காலிகளுக்குப் பரிசு பெற்றார்கள்; ஆனால் அவற்றைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யும் நுட்பம் அப்போது கைகூடவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காக, முறிந்த காலைத் தாங்கும் ஒட்டுப்பலகைக் கட்டைகளைச் செய்த சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் அந்த அனுபவத்தைக் கொண்டு, இருக்கையையும் முதுகுப்பலகையையும் தனித்தனியே வார்த்து இணைக்கும் நாற்காலியை உருவாக்கினார்கள். 1950இல் கண்ணாடியிழை நெகிழியால் ஒரே ஓடாக வார்த்த இருக்கையும் விற்பனைக்கு வந்தது. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வடிவமைத்த ‘ஒய்’ நாற்காலியோ வளைத்த மரமும் கையால் பின்னிய காகிதக் கயிறும் கொண்டது. அச்சில் வார்த்ததும் தச்சர் கையில் உருவானதும் ஒரே பெயரின்கீழ் வருவதால், எந்த ஒரு மூலப்பொருளையோ செய்முறையையோ இப்பாணியின் இலக்கணமாகக் கொள்ளுதல் பொருந்தாது.

இதைத் தமிழில் ‘இடைக்கால நவீனம்’ என்று எழுதுவது பெரும் பிழையாகும். வரலாற்று நூல்களில் இடைக்காலம் என்பது பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய காலத்தைக் குறிக்கும். ‘நவீனம்’ என்பதும் போதாது; அது இன்றைய புதுமை என்ற பொருளையே தருகிறது, மூலத்திலோ நவீனத்துவம் என்னும் கலை இயக்கம் சுட்டப்படுகிறது. எனவே ‘நடுநூற்றாண்டு நவீனத்துவம்’ என்பதே என் தேர்வு. ஒரு கட்டுரையில் முதன்முறை வரும்போது ‘இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி நவீனத்துவம்’ என விரித்தெழுதுவது நலம். ‘மிட் செஞ்சுரி’ என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் சரியன்று; 1950களில் செய்யப்பட்ட நாற்காலிகள் யாவும் நவீனத்துவம் சார்ந்தவை அல்லவே.

நாற்காலி என்ற சொல்லைப் பற்றியும் ஓர் ஐயம் எழலாம். ஆர்னே யாகோப்சன் 1952இல் வடிவமைத்த ‘எறும்பு’ நாற்காலி முதலில் மூன்று கால்களுடன் வந்தது. சாரினெனின் ‘டியூலிப்’ நாற்காலி ஒற்றைத் தண்டில் நிற்கிறது. ஆயினும் அலுவலகச் சுழல் இருக்கையையும் நாற்காலி என்றே வழங்கிப் பழகிவிட்டோம். கால்களின் எண்ணிக்கை இன்று அச்சொல்லைக் கட்டுப்படுத்துவதில்லை. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘கதிரை’க்கு அந்த ஐயமும் இல்லை. போர்த்துகீசியச் சொல்லான ‘கதெய்ரா’விலிருந்து வந்த அதுவும், ஆங்கிலத்தின் ‘சேர்’ என்பதும், இருக்கையைக் குறிக்கும் ‘கதெட்ரா’ என்ற ஒரே கிரேக்கச் சொல்லிலிருந்து கிளைத்தவை.