சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு: பணம் எங்கே நின்றுபோகிறது

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016 முதல் நடப்பில் இருக்கிறது. சம்பாவுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்தால் 540 ரூபாய். மீதிப் பிரீமியம் மத்திய, மாநில அரசுகளின் பங்கு. வரலாறு இவ்வளவு தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டில் சம்பாவுக்குப் பதிவு செய்ய பெரும்பாலும் நவம்பர் 15தான் கடைசி நாள். 'எப்படியும் நீட்டிப்பார்கள், எம்.எல்.ஏ. பேசியிருக்கிறார்' என்று ஊரில் யாராவது சொல்வார்கள். சில வருஷம் நீட்டிக்கவும் செய்கிறார்கள். அதை நம்பி இருக்காதீர்கள். கடைசி வாரத்தில் காப்பீட்டு இணையதளம் திணறும். இரண்டு மூன்று கிராமங்களுக்குப் பொறுப்பாக இருக்கும் வி.ஏ.ஓ. அன்று எந்த ஊரில் இருக்கிறார் என்றே தெரியாது. எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று வி.ஏ.ஓ. எழுதித் தரும் அடங்கலை அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். நடவு முடியவில்லையென்றால் விதைப்புச் சான்று கேளுங்கள்.

அடங்கலில் முதலில் பார்க்க வேண்டியது பசலி, அதாவது வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு. ஜூலையில் பசலி மாறிவிடும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை பசலி 1435. போன வருஷத்து அடங்கல் கையில் இருக்கிறதே என்று அதையே கொடுத்தால், பதிவு செய்யும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். பிறகு நிராகரிப்பார்கள்.

அடுத்தது பரப்பளவு. நெருக்கடியில் அதிகம் தவறுவது இதில்தான். சிட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு இருக்கும், நம் வாயில் ஏக்கர் வரும். 0.81 ஹெக்டேர் என்பது 2 ஏக்கர். பதிவு செய்பவர் அந்த 0.81-ஐ ஏக்கர் என்று எடுத்துக்கொண்டால் பாதிக்கு மேல் நிலம் காப்பீட்டில் இல்லாமல் போகும். மாறாக 2 ஹெக்டேர் என்று அடித்துவிட்டால், இருக்கும் நிலத்தைவிடக் கூடுதலாகக் காட்டியதாக விண்ணப்பமே திரும்பும். கூட்டுப் பட்டாவில் அண்ணன் முழுப் பரப்பையும் தன் பெயரில் போட்டுவிட்டால் தம்பியின் விண்ணப்பமும் சேர்ந்து மாட்டும். போகும் முன்பே யாருக்கு எவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள்.

கிராமத்தின் பெயர் என்று இங்கே கேட்பது வருவாய்க் கிராமத்தை. ஊராட்சிப் பெயரோ, நீங்கள் குடியிருக்கும் தெருவின் பெயரோ அல்ல. இழப்பீடு கிராம வாரியாகத்தான் கணக்காகிறது. பக்கத்துக் கிராமத்தின் பெயர் விழுந்துவிட்டால், உங்கள் ஊருக்கு வரும் பணம் உங்களுக்கு வராது.

குத்தகை சாகுபடியாளரும் சேரலாம், கோயில் நிலமானாலும் சரி. ஆனால் அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் இருக்க வேண்டும். உடைமையாளர் பெயரை மட்டும் எழுதித் தரும் பழக்கம் இன்னும் போகவில்லை. வாங்கும் இடத்திலேயே படித்துப் பார்த்து, சாகுபடிதாரர் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியவர்களுக்கு வேறொரு கண்ணி. 2020 முதல் காப்பீடு கட்டாயமில்லை. ஆனால் வேண்டாம் என்று கடைசி நாளுக்கு 7 நாள் முன்பே எழுதித் தராவிட்டால் சங்கமே பிடித்துக் கட்டிவிடும். அது தெரியாமல் அதே சர்வே எண்ணுக்குப் பொதுச் சேவை மையத்திலும் கட்டினால் இரட்டைப் பதிவாகிவிடும். முதலில் சங்கத்தில் கேளுங்கள். பிடித்தோம் என்றால் விண்ணப்ப எண் எங்கே என்று கேளுங்கள். பணத்தைப் பிடித்துவிட்டு இணையதளத்தில் ஏற்றாமல் விட்டால் உங்களுக்குக் காப்பீடு கிடையாது.

பொதுச் சேவை மையத்தில் பிரீமியத்துக்கு மேல் பதிவுக் கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை. அந்தக் கூலி காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து அவர்களுக்குப் போகிறது. கைபேசி எண் உங்களுடையதாக இருக்கட்டும். அவசரத்தில் மையத்துக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டால், விண்ணப்பத்தில் திருத்தம் கேட்டு வரும் குறுஞ்செய்தியை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். ரசீதில் உட்பிரிவோடு சர்வே எண், பரப்பு, கிராமம், பயிர், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் மையத்தில் நின்றபடியே சரிபாருங்கள். வங்கிகள் இணைந்து ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறியிருந்தால் பழைய பாஸ்புக் நகலைக் கொடுக்காதீர்கள்.

இனி இழப்பு. உங்கள் வயல் மொத்தமாக அழுகினாலும் கிராமத்துச் சராசரி மகசூல் நன்றாக இருந்தால் மகசூல் கணக்கில் ஒரு ரூபாயும் வராது. கசப்பாகத்தான் இருக்கும், விதி அப்படி. பயிர் அறுவடைப் பரிசோதனையில் 5க்கு 5 மீட்டர் துண்டை அறுத்து எடை பார்க்கிறார்கள். அப்படி எடுத்த சராசரியை, கிராமத்துக்கு நிர்ணயித்து வைத்திருக்கும் உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, கிடைத்தது 1,500 என்றால் குறைவு 25 சதவீதம். 36,000-இல் 9,000 ரூபாய். ஆகவே பரிசோதனை எந்த வயலில், என்றைக்கு என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டு, ஊரார் நான்கு பேர் போய் நில்லுங்கள். எடையைக் குறித்து வையுங்கள். அந்த எண்ணில்தான் ஊர் முழுவதற்குமான பணம் இருக்கிறது.

அறுத்துப் போட்ட நெல் 14 நாளுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ கெட்டால் அது தனிக் கணக்கு, உங்கள் வயலை மட்டும் பார்ப்பார்கள். ஆனால் 72 மணி நேரத்துக்குள் 14447 உதவி எண்ணிலோ பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவித்துப் புகார் எண் வாங்கியிருக்க வேண்டும். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. நிற்கும் நெல் நீரில் மூழ்குவதை 2018-இல் இந்தத் தனிவயல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2026 காரீஃப் (குறுவைக் காலம்) முதல் மீண்டும் சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. உங்கள் மாவட்ட அறிவிக்கையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதற்கும் 72 மணி நேரம்தான்.

அமைச்சர் வயலில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனபின் எடுக்கும் கணக்கு பேரிடர் நிவாரணத்துக்கானது. 33 சதவீதத்துக்கு மேல் சேதம் என்பது அதன் அளவுகோல். காப்பீடு வேறு. நிவாரணம் வாங்கிவிட்டீர்கள், காப்பீடு கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பணம் வராதபோது வங்கி நிறுவனத்தைக் காட்டும், நிறுவனம் வேளாண்மைத் துறையைக் காட்டும், துறை 'அரசுப் பங்கு இன்னும் போகவில்லை' என்று சொல்லும். இதில் சுற்றாதீர்கள். முதலில் இணையதளத்தில் விண்ணப்ப நிலையைப் பார்த்து அச்செடுங்கள். நிராகரிப்பு என்றால் காரணத்தோடு, விண்ணப்ப எண், கிராமம், சர்வே எண் போட்டு, ஒரே கோரிக்கையாக, மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். வேறு பத்துக் குறைகளை அதில் கோக்காதீர்கள், மனு பத்து மேசைக்குப் போய்விடும்.

ஊருக்கே வரவில்லை என்றால் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்துக்கு, பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டு, 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். நம் வருவாய்க் கிராமத்துக்கு நிர்ணயித்த உத்தரவாத மகசூல் எவ்வளவு, பரிசோதனை நடந்த சர்வே எண்கள், தேதிகள், ஒவ்வொன்றிலும் கிடைத்த எடை, மாநிலப் பங்கு நிறுவனத்துக்குச் செலுத்திய தேதி: இவற்றின் ஆவண நகல்களைக் கேளுங்கள். 'ஏன் தரவில்லை' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்குக் கட்டணம் இல்லை.