முதல் ஐரோப்பா பயணம்: இரவுகளை எண்ணித் திட்டம் போடுங்கள்

காவேரிப்பட்டணத்திலிருந்து வந்த ஒரு தம்பதி, மகள் டைப் செய்து கொடுத்த தாளை என் மேஜை மேல் விரித்தார்கள். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், சூரிச், வெனிஸ், ரோம், வியன்னா. மொத்தம் பத்து நாள். கணவர் மாங்கூழ் ஆலைகளுக்குப் பழம் அனுப்புகிறவர், அந்த அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை. “சார், இதுல எதையும் குறைச்சுடாதீங்க. நாங்க திரும்ப எப்ப போகப்போறோம்?” என்றார் அவர்.

கிருஷ்ணகிரியில் ட்ராவல்ஸ் நடத்தும் என் காதில் அதிகம் விழும் கேள்வி இதுதான். அதில் இருக்கும் ஏக்கம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளைப் படிக்க வைத்து, கல்யாணம் முடித்து, வீட்டுக் கடன் அடைத்த பிறகு கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து கிளம்பும் முதல் பெரிய பயணம். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றத்தான் செய்யும். ஆனால் இப்படித் திட்டம் போட்டுப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், ரயில் நிலையமும் பேருந்தும் ஹோட்டல் வரவேற்பறையும்தான் பெரும்பாலும் பதிலில் வருகின்றன. இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அதுதான்.

பத்து நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் விமானத்தில் போகிறது, கடைசி நாள் திரும்புவதில் போகிறது. மிச்சம் எட்டு. ஏழு ஊருக்கு ஆறு முறை இடம் மாற வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் குறைந்தது அரை நாளைத் தின்னும் என்றால் மூன்று நாள் காலி. ஏழு ஊருக்குக் கையில் நிற்பது ஐந்தே நாள். அந்த ஐந்திலும் முதல் நாள் தூக்கக் கலக்கத்தில் கழியும், ஏனென்றால் அங்கே கோடையில் நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். உள்ளூர் நேரம் மாலை ஏழு மணிக்கே உடம்பு படுக்கை தேடும்.

அரை நாள் எப்படிப் போகிறது என்று பலர் கேட்பார்கள். “பாரிஸ்லருந்து சுவிட்சர்லாந்து லூசர்ன் நாலு மணி நேரம்னு போன்ல காட்டுதே?” காட்டும். அந்த நாளை மணி மணியாகச் சொல்கிறேன். காலை ஏழரைக்கு ஹோட்டலில் சாப்பாடு. எட்டேகாலுக்கு அறையைக் காலி செய்கிறீர்கள். இரண்டு பெரிய பெட்டியோடு மெட்ரோவில் இறங்க வேண்டும். பாரிஸின் பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, படிக்கட்டுதான். கார் தெ லியோன் நிலையத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, பலகையில் பிளாட்ஃபாரம் எண் வரும்வரை நிற்க வேண்டும். சுவிஸ் எல்லை ஊரான பாசல் வரை சுமார் மூன்று மணி நேரம். அங்கே இறங்கி வண்டி மாறி லூசர்னுக்கு இன்னும் ஒரு மணி நேரம். இறங்கி ஹோட்டலுக்கு நடந்தால் அறை மூன்று மணிக்குத்தான் தயார் என்பார்கள். குளித்து முடித்து ஏரிக்கரைக்கு வரும்போது மாலை நாலரை. இத்தனைக்கும் எதுவும் தவறாத நாளில் நடப்பது இது.

விமானம் வேகம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலிவு விமானம் ‘பாரிஸ்’ என்று விற்கும் சில டிக்கெட்டுகள் போவே விமான நிலையத்தில் இறக்கிவிடும். அது பாரிஸிலிருந்து சுமார் 80 கி.மீ. தள்ளி இருக்கிறது. கிட்டத்தட்ட கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டு பெங்களூரு வந்துவிட்டது என்று சொல்வது போல. லக்கேஜுக்குத் தனிக் காசு, பேருந்துக்குத் தனிக் காசு. ரயில் இருக்கும் இடத்தில் ரயிலையே எடுங்கள்.

ஆகவே நான் முதலில் கேட்பது எத்தனை நாடு என்றல்ல, எத்தனை இரவு என்று. அடுத்து இருவரிடமும் தனித்தனியாக ஒரு தாள் கொடுத்து, கட்டாயம் பார்க்க வேண்டிய மூன்றை மட்டும் எழுதச் சொல்வேன். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. காவேரிப்பட்டணத்து அம்மா எழுதியது: பனிமலை, படகு, எங்கேயாவது ஒரு நாள் அவசரம் இல்லாமல். அவர் எழுதியது: ஈஃபிள் டவர், கொலோசியம், ரயில். இரண்டு தாளிலும் லண்டன் இல்லை, வியன்னா இல்லை, ஆம்ஸ்டர்டாமும் இல்லை. அந்த ஊர்களெல்லாம் யாரோ போட்ட வீடியோவிலிருந்து வந்தவை.

லண்டனை எடுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. ஷெங்கன் விசா என்ற ஒரே விசா 29 ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லும், அதில் பிரிட்டன் இல்லை. லண்டனுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனியாகக் கைரேகை. முதல் பயணத்தில் இந்தச் சுமை வேண்டாம்.

அவர்களுக்கு நான் போட்டது பதினோரு இரவு: பாரிஸ் 4, லூசர்ன் 3, ரோம் 4. இடம் மாறுவது இரண்டே முறை. டிக்கெட் போகும்போது பாரிஸுக்கு, திரும்பும்போது ரோமிலிருந்து. இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து ஏறினால் இன்னொரு நாள் வீண். இப்படி இரண்டு ஊர் வைத்து எடுத்தாலும் போக வர டிக்கெட்டாகவே பதிவு செய்யலாம், விலையும் பெரும்பாலும் அவ்வளவாக ஏறாது. தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக எடுத்தால்தான் கையைக் கடிக்கும்.

பாரிஸில் கிழமை பார்த்துத் திட்டம் போடுங்கள். லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை விடுமுறை. வெர்சாய் அரண்மனை திங்கள் விடுமுறை. ஈஃபிள் டவர் லிஃப்ட் டிக்கெட் அறுபது நாளுக்கு முன் இணையத்தில் திறக்கும், நல்ல நேரமெல்லாம் சீக்கிரம் தீர்ந்துவிடும். வந்து இறங்கும் நாளில் எந்த டிக்கெட்டும் வாங்கி வைக்காதீர்கள். 2025 அக்டோபரிலிருந்து ஷெங்கன் எல்லையில் முகப்படமும் கைரேகையும் பதிவு செய்யும் புதிய முறையைக் கொண்டுவந்திருக்கிறார்கள், வரிசை நீளலாம். அன்று மாலை சேன் நதிக்கரையில் நடந்துவிட்டு வந்து தூங்கினால் போதும்.

லூசர்னில்தான் நான் நிறைய நேரம் செலவழித்து விளக்குவேன், ஏனென்றால் பணம் அதிகம் வீணாகும் இடம் அதுதான். ‘யூங்ஃப்ராயோ’ என்ற பெயரை எல்லோரும் கேட்டிருப்பார்கள். 3,454 மீட்டர் உயரத்தில் ரயில் நிலையம், பிரமாதமான இடம், மறுக்கவில்லை. ஆனால் லூசர்னிலிருந்து போய் வர ஒரு முழு நாள் ஓடிவிடும், அந்த நாட்டு ரயில், படகு, பேருந்துக்கெல்லாம் ஒரே டிக்கெட்டான சுவிஸ் டிராவல் பாஸ் கையில் இருந்தாலும் அந்த மலை ரயிலுக்குச் சலுகைதான், இலவசம் இல்லை. அதே பாஸில் ரிகி மலை முழுக்க இலவசம். லூசர்ன் ஏரியில் படகேறி விட்ஸ்னாவில் இறங்கினால் அங்கிருந்து பற்சக்கர ரயில் மேலே போகும். 1871-இல் ஓடத் தொடங்கியது, ஐரோப்பாவின் முதல் மலை ரயில். அம்மா கேட்ட படகும் அவர் கேட்ட ரயிலும் ஒரே நாளில் முடிந்துவிட்டன. பனியைக் காலில் மிதித்தே ஆக வேண்டும் என்றால் டிட்லிஸ் மலை இருக்கிறது. லூசர்னிலிருந்து அதன் அடிவார ஊரான எங்கல்பெர்க் முக்கால் மணி நேர ரயில், மேலே போகும் கேபிள் காருக்குப் பாஸில் பாதி விலை. மூன்று நாள் பாஸைப் பாசலில் ரயில் மாறும் நாளிலிருந்தே தொடங்கினால் லூசர்ன் வரும் டிக்கெட்டும் அதிலேயே அடங்கும். மேலே மேகம் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது. ஆகவே எந்த நாள் ரிகி, எந்த நாள் டிட்லிஸ் என்பதை அன்று காலை மலை உச்சிக் கேமராவைப் போனில் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

லூசர்னிலிருந்து ரோம் போகும் நாளைப் பயண நாள் என்றே எழுதிவிடுங்கள். மிலான் வரை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல், அங்கிருந்து அதிவேக ரயிலில் இன்னும் மூன்று மணி நேரம். வழியில் 57 கி.மீ. நீளமுள்ள கோட்ஹார்ட் சுரங்கம், உலகின் மிக நீளமான ரயில் சுரங்கம் அது. ரோமில் வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் தாங்காது. தேவாலயங்களுக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். புடவைக்கும் சுடிதாருக்கும் சிக்கல் இல்லை, அரைக்கால் சட்டை போட்ட ஆண்களைத்தான் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஃபிளாரன்ஸ் பார்க்க ஆசை இருந்தால் ரோமிலிருந்து ஒன்றரை மணி நேரம்தான், பெட்டியை அறையிலேயே விட்டுவிட்டுப் போய் இரவு திரும்பலாம்.

இனி விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. மேலே உள்ள திட்டத்தில் பிரான்ஸும் இத்தாலியும் நாலு நாலு இரவு, நுழைவது பாரிஸில், ஆகவே பிரான்ஸ். “அந்த நாட்டுல அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்குது, அங்க போட்டுடலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். திட்டம் ஒன்று, விண்ணப்பம் வேறொன்று என்றால் நிராகரிக்க அதுவே போதும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ, சேவைக் கட்டணம் தனி. நிராகரித்தால் திரும்பக் கிடைக்காது. ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு பயணத்துக்குப் பதினைந்து நாள் முன். அந்தக் கெடுவரை காத்திருக்கவே கூடாது, சில கோப்புகளுக்கு 45 நாள்கூட எடுக்கும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். நமக்கு பெங்களூரு பக்கம் என்றாலும், முகவரி தமிழ்நாட்டில் இருப்பவர்களின் விண்ணப்பத்தை அந்த நாடு எந்த மையத்தில் வாங்குகிறது என்று பார்த்துவிட்டு அப்பாயின்ட்மென்ட் எடுங்கள்.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் விவசாயக் குடும்பங்கள் அதிகம். விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் பலரிடம் வருமான வரிக் கணக்கே இருக்காது. அதற்காகப் பயப்பட வேண்டாம். பட்டா, சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் வருமானச் சான்று, மண்டியிலிருந்தும் ஆலையிலிருந்தும் பணம் வந்தது தெரியும் வங்கிக் கணக்கு, இவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு வைத்து ஒரு பக்கத்தில் தெளிவாக விளக்கக் கடிதம் எழுதுங்கள். விண்ணப்பிக்கும் முந்தைய வாரம் மச்சானிடம் வாங்கி ஐந்து லட்சத்தைக் கணக்கில் போடும் வேலை மட்டும் வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பணம் கோப்பைக் கெடுக்கும்.

‘திரும்ப எப்ப போகப்போறோம்’ என்பதற்கும் இங்கே பதில் இருக்கிறது. 2024 ஏப்ரலில் இந்தியர்களுக்கென வந்த விதிப்படி, மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டு ஆண்டு செல்லும் பலமுறை விசா கிடைக்க வாய்ப்பு உண்டு. வியன்னாவை அடுத்த முறைக்கு வைப்பது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெங்களூருவிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்கள் பல நள்ளிரவு தாண்டிக் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 14-ஆம் தேதி 1.40 என்று இருந்தால் நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 13-ஆம் தேதி மாலை. விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊரின் அந்தக் கோடியில். அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால் மூன்றையும் தாண்ட வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து மாலை ஐந்து மணிக்கும், தர்மபுரியிலிருந்து நாலு மணிக்கும் வண்டி கிளம்பட்டும். விடுப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, காப்பீடு மூன்றிலும் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று இருவரும் உட்கார்ந்து ஒரு முறை சரிபாருங்கள். பெயரும் அப்படித்தான். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் இனிஷியல் அப்பா பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் வெறும் எழுத்தாக இருக்கும். விமான டிக்கெட்டும் கொலோசியம் டிக்கெட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும்.

மாதம் என்று கேட்டால் செப்டம்பர் பிற்பாதியைச் சொல்வேன். மாங்காய் சீசன் முடிந்து கையில் ஓய்வும் இருக்கும், ரோமின் கடும் வெயிலும் தணிந்திருக்கும். ஆசிரியர்களுக்கு மே மாதம்தான் வசதி என்றால் அதுவும் நல்ல மாதமே.

சாப்பாட்டுக்காகப் பயப்படுகிறவர்களுக்கு: பாரிஸில் லா ஷபெல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இட்லி, தோசை, சோறு எல்லாம் கிடைக்கும், பக்கத்திலேயே மாணிக்க விநாயகர் ஆலயமும் உண்டு. லூசர்னில் வெளிச்சாப்பாடு விலை அதிகம், சமையலறை உள்ள அறையாக எடுத்தால் ஒரு வேளை சோறு வடித்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் எடுத்துப் போங்கள். பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் கொண்டுபோகக் கூடாது, ஐரோப்பிய விதி அனுமதிக்காது. அங்கே இருக்கும் உறவுக்காரர்களுக்கு நம்ம ஊர் மாம்பழம் என்று ஆசையாக அடுக்கிப் போகிறவர்கள் உண்டு. பயிர்நலச் சான்று இல்லாமல் மாம்பழம் உள்ளே போகாது, பச்சைக் கறிவேப்பிலையும் போகாது. சான்று கேட்காத பழங்கள் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியன் ஆகிய ஐந்துதான்.