எழுமாறு: பகடை மேசைக்கு ஒரு சொல்

ஆளுக்கொரு நாயகனாகப் பாத்திரமேற்று, அடி பட்டதா என்பதைப் பகடை உருட்டி முடிவுசெய்யும் சூப்பர் ஹீரோ மேசை ஆட்டங்களைப் பினாங்கில் தமிழ் இளைஞர்கள் கூடி ஆடுகிறார்கள். அவற்றில் மோதல் தொடங்கிவிட்டால் மூன்று மொழிகள் கலந்து ஒலிக்கும். பகடையை ‘டாடு’ என்பார்கள். அது மலாய்ச் சொல். மலாய்க்குப் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. எந்த எண் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத தன்மையை ‘ரேண்டம்’ என்பார்கள், அல்லது இடைநிலைப்பள்ளிக் கணக்கில் பழகிய ‘ராவாக்’ என்பார்கள். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாய்வழிக் கல்விக்குப் போகும் பிள்ளைகளுக்கு நிகழ்தகவுக் கணக்கைத் தமிழில் ஆழமாகப் படிக்க வழியில்லை. இதற்குத் தமிழில் என்ன சொல் என்று அவர்கள் கேட்டால், தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ள ‘சமவாய்ப்பு’ என்பதையே பலரும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சொல் பகடை மேசையில் நிற்காது, இலங்கைத் தமிழர் வழங்கும் ‘எழுமாறு’தான் நிற்கும் என்பது என் உறுதியான கருத்து.

‘ரேண்டம்’ என்பதன் வேர் பழைய பிரெஞ்சில் இருக்கிறது. ‘ராந்தோன்’ என்றால் தலைதெறிக்கும் ஓட்டம், வேகப் பாய்ச்சல். ஆங்கிலத்துக்கு வந்தபின் குறியில்லாமல் போவது என்ற பொருள் ஏறியது. கணிதத்துக்கு வந்தபின் முன்னறிய முடியாதது என்ற பொருள் நிலைத்தது. இந்த வழி நெடுகிலும் ‘சமம்’ என்ற கருத்து எங்கும் இல்லை. பாடநூலின் ‘சமவாய்ப்புச் சோதனை’கூட, விளைவை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாத சோதனை என்றுதான் விளக்கப்படுகிறது. விளக்கத்தில் இல்லாத சமம் பெயரில் மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஒரே பகடையை உருட்டும்வரை இதனால் தொல்லை இல்லை. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 விழுக்காடு, ரேண்டமும்தான், சமமும்தான். 2002இல் வெளிவந்த ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைண்ட்ஸ்’ இந்தப் பகடையைக் கொண்டு ஆடப்படுவது. ஆனால் 1981இல் வந்த ‘சாம்பியன்ஸ்’ ஆட்டத்தில் அடி பட்டதா இல்லையா என்று பார்க்க மூன்று ஆறுமுகப் பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். மொத்தம் 216 விழும் முறைகள். கூட்டுத்தொகை 10 வருவதற்கு 27 முறைகள் உண்டு. 18 வருவதற்கு ஒன்றே ஒன்று. எது விழும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே அது ரேண்டம். வாய்ப்புகளோ சமமே அல்ல. இதைச் ‘சமவாய்ப்பு’ என்று அழைத்தால் அந்தச் சொல்லே பொய் சொல்கிறது.

இது வெறும் சொற்சண்டை அல்ல. முதல் ஆட்டத்தில் 1 விழுந்தால் எப்பேர்ப்பட்ட வீரனின் அடியும் தவறும். அது இருபதில் ஒருமுறை நடக்கும். இரண்டாவது ஆட்டத்தில் 18 விழுந்தால் கட்டாயம் தவறும். அது 216இல் ஒருமுறை, அரை விழுக்காட்டுக்கும் குறைவு. மலையைப் பெயர்க்கிறவன் ஒரு வழிப்பறித் திருடனைத் தொட முடியாமல் தடுமாறுவது சூப்பர் ஹீரோ கதையில் உறுத்தும். உறுத்தும்போது ஆடுகிறவர்கள் பகடையைத் திட்டுகிறார்கள். பகடை தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். வாய்ப்பு எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதில்தான் அவர்களுடைய குறை. அந்த வேறுபாட்டைச் சொல்ல இரண்டு தனித்தனிச் சொற்கள் வேண்டும்.

உருட்டும் கருவிக்குத் தமிழில் பெயர்ப் பஞ்சம் இல்லை. ‘வல்’ மிகப் பழையது. அது ‘நாய்’ என்னும் காயோடும் ‘பலகை’யோடும் புணர்வதற்குத் தொல்காப்பியம் தனி விதியே சொல்கிறது. இலக்கணம் விதி வகுக்கும் அளவுக்கு அந்த ஆட்டம் புழக்கத்தில் இருந்திருக்கிறது. ‘கவறு’ என்பது திருக்குறளின் சூது அதிகாரத்தில் வருகிறது. ‘கழகம்’ அங்கே சூதாடும் இடம். அதே அதிகாரத்தில் ‘உருளாயம்’ என்ற அழகான கூட்டுச் சொல்லும் உண்டு. உருள்வதால் வரும் ஆயம், அதாவது வருவாய். இன்று நமக்குப் பழகிய ‘பகடை’ கன்னடத்திலும் ‘பகடெ’ என வழங்குகிறது. ஆறுமுகக் கட்டைக்கும் இருபது முகக் கட்டைக்கும் பகடை என்பதே போதும். கவறைத் தோண்டி எடுத்து மேசையில் வைக்க வேண்டிய தேவை இல்லை.

நின்று பார்க்க வேண்டியது ‘தாயம்’. வடமொழி ‘தாய’ என்பதற்குப் பங்கு, மரபுரிமை என்று பொருள். ‘தாயாதி’ என்ற உறவுச் சொல்லில் அது இன்னும் இருக்கிறது. ஆட்டத்தில் தாயம் என்பது ஒன்று விழுவது. அது விழுந்தால்தான் காய் இறங்கும். இரண்டு நீளப் பித்தளைக் கட்டைகள், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2, 3 என நான்கு முகங்கள். ஆக 16 விழும் முறைகள். மூன்று விழ 4 வழி, இரண்டுக்கும் நான்குக்கும் மும்மூன்று வழி, தாயத்துக்கும் ஐந்துக்கும் இரண்டிரண்டு, ஆறுக்கு ஒன்று, இரண்டும் வெறுமையாக விழும் பன்னிரண்டுக்கு ஒன்று. மறு உருட்டல் கிடைப்பது எவற்றுக்கு? பரவலாக ஆடப்படும் முறையில் 1, 5, 6, 12. அரிதாக விழும் நான்கும் அவைதான்! திண்ணையில் கட்டை உருட்டிய பாட்டிகள் நிகழ்தகவு என்ற சொல்லை அறிந்திருக்க மாட்டார்கள். ஆனால் வாய்ப்பு எல்லா எண்ணுக்கும் சமம் அல்ல என்பதும், அரியதற்குப் பரிசு தர வேண்டும் என்பதும் அந்த ஆட்டத்தின் விதிக்குள் இருக்கிறது. சூப்பர் ஹீரோ ஆட்டம் வடிவமைப்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியும் இதேதான்.

அடுத்தது நேர்மை. மலாய்ப் பாடநூலில் நேர்மையான பகடை ‘டாடு அடில்’, அதாவது நீதியுள்ள பகடை. தமிழ்ப் பாடநூலில் ‘சீரான பகடை’. இதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ‘சீர்’ என்பதற்குப் பாரம், எடை என்ற பொருளும் உண்டு. திருக்குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் துலாக்கோல் ‘சீர்தூக்கும்’ என்பது அந்தப் பொருளில்தான். பகடையின் நேர்மையும் உண்மையிலேயே எடையில்தான் இருக்கிறது. புள்ளிகளைக் குடைந்து எடுத்த மலிவுப் பகடையில் ஆறு புள்ளி உள்ள பக்கம் சற்றே இலேசு. சூதாட்ட விடுதிகளில் குடைந்த குழியை அதே எடையுள்ள பொருளால் நிரப்புவதும், உள்ளே ஒன்றும் ஒளிந்திருக்காதபடி ஒளி ஊடுருவும் பகடை வைப்பதும் அதனால்தான்.

ஐயம் வந்தால் வாக்குவாதம் வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். இருபது முகப் பகடையை 200 முறை உருட்டுங்கள். ஒவ்வொரு முகமும் சராசரியாக 10 முறை வர வேண்டும். ஒவ்வொரு முகமும் வந்த எண்ணிக்கைக்கும் 10க்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி 10ஆல் வகுத்து, இருபதையும் கூட்டுங்கள். தொகை 30.14ஐத் தாண்டினால் பகடையை ஐயப்படலாம். சீரான பகடையில் அது நூற்றுக்கு ஐந்து முறைதான் தாண்டும்.

பகடை சீராக இருந்தாலே ஆட்டம் சீராகிவிடாது. சீனப் புத்தாண்டில் இங்கே ஆடப்படும் ‘ஹூ ஹே ஹாவ்’ நல்ல சான்று. மீன், இறால், நண்டு முதலிய ஆறு படங்கள், மூன்று பகடைகள். நீங்கள் ஒரு வெள்ளி (ரிங்கிட்) வைத்த படம் விழும் ஒவ்வொரு பகடைக்கும் ஒரு வெள்ளி என்ற வழக்கமான கணக்கில், 216 விழும் முறைகளில் 125இல் உங்கள் வெள்ளி போகும். வருவதையும் போவதையும் கூட்டிக் கழித்தால் 216 வெள்ளிக்கு 17 வெள்ளி நட்டம். பகடையில் குற்றமே இல்லை. இங்கே பேச வேண்டியது ஆட்டத்தின் நடுநிலை. அதற்கு அந்தச் சொல்லையே வைத்துக்கொள்ளலாம்.

இனி ‘ரேண்டம்’. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ‘எழுமாறு’ என்கின்றன: எழும் ஆறு, எழுகிற வழி. எப்படி எழுகிறதோ அப்படி. சமம் என்று உறுதி கூறாமலும், குழப்பம் என்று இழித்துச் சொல்லாமலும் உள்ளதை உள்ளபடி சொல்லும் சொல் அது. ‘எழுமாறாக உருட்டு’, ‘எழுமாற்று எண்’, ‘எழுமாற்றுத்தன்மை’ என எல்லா வடிவத்துக்கும் வளைகிறது. ‘தற்போக்கு’ என்று சிலர் எழுதுவதும் பொருந்தும். ஆனால் அது மனிதரின் குணத்தையும் நினைவூட்டுவதால் எழுமாறே எனக்கு மேல். சமவாய்ப்பைத் தள்ளிவிட வேண்டாம். எல்லா விளைவுகளுக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்கும் இடத்தில் மட்டும் அதைச் சொல்லலாம்: இருபது முகப் பகடை எழுமாறு, சமவாய்ப்பு இரண்டும், மூன்று பகடைக் கூட்டுத்தொகை எழுமாறு மட்டும்.

கைப்பேசிச் செயலியில் உருளும் பகடை பெரும்பாலும் ஒரு தொடக்க எண்ணிலிருந்து சூத்திரத்தால் கணக்கிடப்படுவது. பார்வைக்கு எழுமாறு, உள்ளே முழுக்க வரையறுக்கப்பட்டது. அதைப் ‘போலி எழுமாறு’ என்று அழைக்கலாம்.