தட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவே

'கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை' என்று பேச்சுவாக்கில் சொல்லிவிடுகிறோம். பெருமூளை வாதம் (மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் தசைகளை நினைத்தபடி இயக்க முடியாத நிலை) உள்ள குழந்தைக்குப் பள்ளிச் சாப்பாட்டு நேரத்தில் அது அப்படியே நடக்கிறது. தட்டில் சத்தான உணவு இருக்கும். மணி அடிக்கும்போது பாதி மீந்திருக்கும். 'பசி இல்லை போல' என்று தட்டை எடுத்துவிடுவார்கள்.

மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வளர்ச்சி குன்றிப்போகும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிட 34 சதவீதம் அதிகம் என்று யுனிசெஃப் 2021இல் கணக்கிட்டது. வறுமை உட்பட இதற்குக் காரணங்கள் பல. உணவு கண்முன்னே இருந்தும் உள்ளே போகாமல் நின்றுவிடுவது அவற்றில் ஒன்று. பள்ளி நினைத்தால் இதைச் சரிசெய்ய முடியும் என்பதால்தான் இதைப் பற்றி எழுதுகிறேன்.

கழுத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை ஏறி இறங்குவது தெரியும். அந்த நேரத்துக்குள் நாக்கு உணவைத் திரட்டிப் பின்னால் தள்ளுகிறது, மூக்குக்குப் போகும் வழி அடைபடுகிறது, மூச்சு ஒரு கணம் நிற்கிறது, குரல்வளையின் மூடி கவிகிறது, உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. தொண்டையைக் கடக்கும் இந்த வேலை முழுவதும் ஏறக்குறைய ஒரே நொடியில் முடிகிறது. தசைகள் இறுகியோ தளர்ந்தோ இருக்கும் குழந்தைக்கு இந்த வரிசை சற்றுப் பிந்தும். பிந்தினால் புரை ஏறும். சில குழந்தைகளுக்கு இருமல்கூட வராது. உணவு சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கி, பிறகு அடிக்கடி வரும் சளியாகவும் நிமோனியாவாகவும் வெளிப்படும்.

இதில் பலருக்கும் ஆச்சரியம் தருவது தண்ணீர். எளிதாக விழுங்கக்கூடியது அதுதான் என்று நினைக்கிறோம். ஆனால் தண்ணீர் வேகமாக ஓடும்; மூடி கவிவதற்குள் தொண்டைக்கு வந்துவிடும். அதனால் சில குழந்தைகளுக்குத் திரவத்தைக் கொஞ்சம் கெட்டியாக்கித் தரச் சொல்வார்கள். எவ்வளவு கெட்டி என்பதை விழுங்குதல் பயிற்சியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், ஊகித்துச் செய்யக் கூடாது. இதற்கென்றே 0 முதல் 7 வரை படிகள் கொண்ட சர்வதேச அளவுமுறை இருக்கிறது. 10 மில்லி சிரிஞ்சில் திரவத்தை நிரப்பி, 10 நொடி ஒழுகவிட்டு, எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பார்கள். 1 மில்லிக்கும் குறைவாக மிஞ்சினால் அது தண்ணீர் போன்ற 0ஆம் படி. திட உணவுக்கும் அளவு உண்டு: மென்மையான துண்டுகள் குழந்தைகளுக்கு 8 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சாறும் துண்டுமாகக் கலந்த உணவு இன்னும் கடினம், ஒரே வாயில் இரண்டு வேகங்களைச் சமாளிக்க வேண்டியிருக்கும். அப்புறம் இன்னொன்று. உணவைத் தண்ணீர் விட்டு மசித்தால் அளவு பெருகும், கலோரி பெருகாது. வயிறு சீக்கிரம் நிரம்பிவிடும். பாலோ எண்ணெயோ சேர்த்து மசிப்பது நல்லது.

உட்காரும் விதமும் இதே அளவுக்கு முக்கியம். தலையைப் பின்னுக்குச் சாய்த்து ஊட்டினால் மூச்சுக்குழாய் வழி அகலமாகிவிடும். முகவாய் சற்றுத் தாழ்ந்து, இடுப்பு நிமிர்ந்து, பாதம் எதன் மேலாவது ஊன்றியிருக்க வேண்டும். கால் தொங்கினால், விழாமல் உட்காரவே குழந்தையின் கவனம் போய்விடும். காலடியில் ஒரு பலகை வைத்தாலே வித்தியாசம் தெரியும். பலகைக்கு அடுத்தபடியாக நேரம் வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு அரை மணி நேரத்தைத் தாண்டி இழுத்தால் குழந்தை களைத்துவிடும், சிறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுக்கலாம்.

தேவையும் எல்லாருக்கும் ஒன்றல்ல. தன்னை அறியாமலே உடல் ஓயாமல் அசையும் குழந்தைக்கு அதிக ஆற்றல் வேண்டும். நடக்க முடியாத குழந்தைக்குக் கலோரி குறைவாகப் போதும், ஆனால் புரதமும் வைட்டமின்களும் குறையக் கூடாது. சில வலிப்பு மருந்துகள் வைட்டமின் டியைக் குறைக்கும். கவனக்குறைவு–மிகைச் செயல்பாட்டுக் குறைபாட்டுக்கு (ADHD) தரும் சில மருந்துகள் மதிய நேரத்துப் பசியையே மந்தமாக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தை தட்டைத் தள்ளினால், அந்த உணவின் மணமோ கூடத்தின் இரைச்சலோ தாங்கவில்லை என்று இருக்கலாம். அதை அடம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வருத்தம் தருகிறது. வற்புறுத்தினால் வெறுப்புதான் வளரும். அமைதியான மூலையும், புதிய உணவைப் பலமுறை வெறுமனே தட்டில் பார்க்கும் வாய்ப்பும் மெதுவாகப் பலன் தரும்.

கடைசியாக, கழிப்பறை. உள்ளே சக்கர நாற்காலி நுழையாது என்று தெரிந்த குழந்தை, காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொள்கிறது. நீர் குறைந்தால் மலம் இறுகும், வயிறு உப்பும், பசி அடங்கும். மதியத் தட்டு மீந்ததற்கான காரணம் அந்தக் குறுகிய கதவாக இருக்கலாம். இது தெரியாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டிக் கொடுத்தால் பிரச்சினை பெரிதாகும். போதுமான தண்ணீர் இல்லாதபோது நார்ச்சத்தும் குடலில் இறுகித்தான் நிற்கும்.